ஜல்லிக் குவியலில் தொடங்கிய பாறைப் படிப்பு

பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் வீடு கட்டுகிற தெரு எதுவானாலும் வாசலில் ஒரு ஜல்லிக் குவியல் கிடக்கும். பாறைகளை அடையாளம் காணப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. மலையடிவாரத்தில் எடுக்கும் கல் வெயிலும் மழையும் பட்டு மேல்தோல் மாறிப்போயிருக்கும். ஜல்லியோ கிரஷரில் அண்மையில் உடைந்தது. எல்லா முகமும் புதிது. கல்லின் உண்மையான நிறமும் மணிகளும் அதில்தான் தெரியும். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டால் கைப்பிடி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். நகைக்கடைகளில் பயன்படுத்தும் 10 மடங்கு பெருக்கும் சிறிய லென்ஸ், ஒரு எஃகுக் கத்தி, ஒரு ஊசி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், சமையலறை டிஜிட்டல் தராசு, கொஞ்சம் வினிகர். கல்லை உடைப்பதாக இருந்தால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சில்லு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கல்லைப் பார்க்கும் வரிசைதான் இதில் முக்கியம் என்பது என் அனுபவம். முதலில் மணிகள். வெறும் கண்ணுக்குத் தெரிகின்றனவா, லென்ஸில்தான் தெரிகின்றனவா? ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருக்கின்றனவா, வேறு எதனாலோ ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றனவா? ஒரே திசையில் வரிசை கட்டுகின்றனவா? அப்புறம், அந்த மணிகள் என்னென்ன கனிமங்கள் என்ற கேள்வி. நிறம் கடைசி. நிறத்தில் தொடங்கினால் இந்தப் பகுதியின் பாதிக் கற்கள் ‘கருங்கல்’ என்ற ஒரே பெயருக்குள் போய்விடும்.

சென்னையின் தெற்குப் பகுதி ஜல்லியில் பெரும்பாலும் கிடைப்பது சார்னோகைட். ஒரு துண்டை லென்ஸில் வைத்து விரிவாகச் சொல்கிறேன். மொத்தமாகப் பார்த்தால் கருஞ்சாம்பல், அதில் லேசாகப் பச்சை. மேலே எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுக்கம். லென்ஸை கண்ணோடு ஒட்டி, கல்லை அதன் அருகே கொண்டுவந்து, வெயிலில் மெதுவாகத் திருப்ப வேண்டும். சில மணிகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சட்டென்று தட்டையாகப் பளிச்சிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். அவை ஃபெல்ஸ்பார். அதற்கு ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு பிளவுத் தளங்கள் உண்டு. கல் உடையும்போது அந்தத் தளத்தில்தான் பிளக்கும், அதனால்தான் அந்த மின்னல். பக்கத்திலேயே, எவ்வளவு திருப்பினாலும் தட்டையாக மின்னாத, சற்று நீலம் கலந்த சாம்பல் நிற மணிகள் இருக்கும். அவை குவார்ட்ஸ். அதற்குப் பிளவுத் தளம் கிடையாது. வளைந்து வளைந்துதான் உடையும். மூன்றாவதாக, பழுப்பு கலந்த கரிய மணிகள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஊசியால் குத்தினால் தகடாக உரியாது. அதுதான் ஹைபர்ஸ்தீன், பைராக்சீன் வகைக் கனிமம். கிரானைட் போன்ற ஒரு கல்லை சார்னோகைட் ஆக்குவது இதுதான். சில துண்டுகளில் சிவப்புக் கார்னெட் மணியும் கிடைக்கும். கிடைத்தால் அன்றைக்கு அதுவே போதும் எனக்கு.

ஊசிச் சோதனைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சாதாரண கிரானைட்டில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் பயோடைட், அதாவது நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காவின் கறுப்பு வகை. ஊசி முனையால் நெம்பினால் மெல்லிய ஏடாகக் கழன்று வரும். பயோடைட்டின் கட்டமைப்புக்குள் நீர் இருக்கிறது. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டில், நீர் மிகக் குறைவாக உள்ள சூழலில் அதனால் நிலைக்க முடியாது. அந்த இடத்தில் பைராக்சீன் உருவாகும். ஆக, ஏடு உரிகிறதா இல்லையா என்று பார்க்கும்போதே இந்தக் கல் எப்படிப்பட்ட இடத்தில் பிறந்தது என்பதையும் பார்த்துவிடுகிறோம். பரங்கிமலையின் சார்னோகைட்டுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அதைத் தார்ச்சாலைக்கு அடியில் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இந்தப் பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. கொல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை உள்ளது. அதன் மேல் உள்ள கல் மெட்ராஸ் பக்கத்திலிருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட், பரங்கிமலைப் பாறையும் அந்தக் கல்லும் ஒரே வகை என்று கண்டு, 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். உலகத்தில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் இன்று அதற்கு அந்தப் பெயர்தான். பரங்கிமலையில் உள்ள மூலப் பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே போனால் பார்ப்பதோடு சரி, சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது.

அடுத்து நான் சார்னோகைட்டையும் டோலரைட்டையும் பிரித்துப் பார்த்தேன். திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வரும் ‘கறுப்பு கிரானைட்’ பெரும்பாலும் டோலரைட்தான். கிரானைட் கடைக்காரர்கள் பாலிஷ் ஏறும் கல் எல்லாவற்றையும் கிரானைட் என்றுதான் விற்கிறார்கள். பழைய பாறைகளின் வெடிப்புகளில் கீழிருந்து உருகிய குழம்பு புகுந்து, சுவர் போல நின்று இறுகியது இந்த டோலரைட். அறுவைப் பட்டறை வாசலில் கழிவுத் துண்டுகள் நிறையக் கிடக்கும். மணிகள் சார்னோகைட்டைவிட மிகப் பொடி. லென்ஸில் பார்த்தால் மெல்லிய கோடுகளாகப் பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பார் வகை, இடைவெளிகளில் கரிய பைராக்சீன். குவார்ட்ஸ் அநேகமாகத் தெரியாது.

இங்கேதான் தராசு கைகொடுத்தது. செய்முறை சுலபம். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் எண்தான் கல் விலக்கிய நீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண். என் சார்னோகைட் துண்டு 212 கிராம், தண்ணீரில் காட்டியது 78, ஆக 2.72. டோலரைட் துண்டு 186 கிராம், தண்ணீரில் 62, சரியாக 3. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, ஃபெல்ஸ்பாருக்கும் அதை ஒட்டியே வரும், பைராக்சீனுக்கு 3.2க்கு மேல். கல்லுக்குள் எது அதிகம் என்று அந்த ஒரு எண்ணே சொல்லிவிடுகிறது. கையில் தூக்கும்போதே கனம் தெரிகிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் எண்ணாகப் பார்க்கும்போது வரும் நிச்சயம் வேறு.

கிரானைட்டையும் நைஸையும் பிரிப்பது இதைவிட எளிது. கனிமங்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே: குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா அல்லது ஹார்ன்பிளெண்ட் என்ற கரிய கனிமம். கிரானைட்டில் மணிகள் எந்தத் திசையும் இல்லாமல் கலந்து கிடக்கும். நைஸில் வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி ஓடும். அழுத்தத்தில் கனிமங்கள் பிரிந்து அணிவகுத்ததன் அடையாளம் அது. பட்டை அகலமாக இருந்தால் சிறு துண்டில் தெரியாது என்பதால், நைஸுக்கு மட்டும் கைக்கல்லைவிடப் பாறை முகத்தையே பார்ப்பது நல்லது. நாமக்கல், மதுரை வட்டாரங்களில் சாலையோர வெட்டுகளிலேயே அழகாகப் பார்க்கலாம்.

மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “தட்டிப் பாருங்க தம்பி, கணீர்னு வரணும். சத்தம் மங்கினா உள்ள விரிசல் இருக்குனு அர்த்தம்” என்றார். பட்டை ஓடும் கல்லை மூக்கு, விரல் வருகிற இடத்துக்குத் தவிர்ப்பார்களாம், பட்டையோடு பிளந்துவிடும் என்று. பட்டறையில் பிழைப்புக்காகப் பழகிய கண்ணும் முதலில் மணியமைப்பைத்தான் பார்க்கிறது.

வெள்ளைக் கற்களுக்கு சேலம் ஒரு நல்ல பள்ளிக்கூடம். வெள்ளைக்கல் சுரங்கம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது மேக்னசைட். ஆங்கிலேயர்கள் அந்த மேட்டு நிலத்துக்கே சாக் குன்றுகள் (Chalk Hills) என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் சாக் என்பது கால்சியம் கார்பனேட், இது மக்னீசியம் கார்பனேட். டூனைட் என்ற, ஒலிவின் கனிமம் நிறைந்த பச்சைப் பாறையில் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் ஊடுருவி, விரிசல் விரிசலாக மேக்னசைட் வலைபோட்டிருக்கிறது. உடைந்த முகம் மணியே தெரியாமல் வழுவழுவென்று இருக்கும்.

என்னிடம் இப்போது வெள்ளையாகத் தெரியும் நான்கு கற்கள் இருக்கின்றன: வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், சேலத்து மேக்னசைட், ஒரு சலவைக்கல் துண்டு. ஜெர்மன் கனிமவியலாளர் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6, சலவைக்கல்லில் இருக்கும் கால்சைட் 3. எஃகுக் கத்தி ஏறத்தாழ 5.5. ஆகவே கத்தி கீறாத இரண்டும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். அவற்றில் வெயிலில் தட்டையாக மின்னுவது ஃபெல்ஸ்பார். கத்தி கீறுகிற இரண்டில், பொடி செய்து வினிகர் விட்டால் லென்ஸில் குமிழ் தெரிவது சலவைக்கல்லின் கால்சைட். மேக்னசைட் அசையாமல் கிடக்கும். பள்ளி ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆசிரியர் ஒருவர் துணையோடு பார்த்தபோதும் அப்படியே: சலவைக்கல் பொரிந்தது, மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் பேசாமல் இருந்தது. அமிலம் வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. வினிகரே போதும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சேலத்திலேயே கஞ்சமலை. அங்குள்ள மேக்னடைட் (காந்த இரும்புத் தாது) குவார்ட்சைட்டில் கறுப்புப் பட்டைகளில் காந்தம் ஒட்டிக்கொள்ளும், நடுவில் உள்ள வெளிர் பட்டைகளில் நழுவிவிடும். சின்னப் பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுக்க வேண்டுமென்றால் இந்தக் கல்லைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

படிவுப் பாறைகளுக்கு அரியலூர், பெரம்பலூர். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் ஏறி நின்ற இடம் அது. சுண்ணாம்புக் கல்லில் கிளிஞ்சல் துண்டுகள் கண்ணுக்கே தெரியும், வினிகருக்கு உடனே பதில் சொல்லும். அதே பெரம்பலூரின் சாத்தனூரில் கல்லாகிப்போன ஒரு மரம் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. உருவம் முழுக்க மரம். பொருள் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் குடும்பம். சுண்ணாம்புக் கல் நிறைந்த ஊரில் சுண்ணாம்பு அல்லாத ஒரு கல்மரம். வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அதைக் கீறிப் பார்க்கும் பேச்சே இல்லை. மணற்கல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: விரலால் தேய்த்தால் மணி உதிரும், அவ்வளவுதான்.

குவார்ட்சைட் அப்படி உதிராது. மணற்கல்தான் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிக் குவார்ட்சைட் ஆகிறது. உடைத்தால் மணிகளைச் சுற்றிப் போகாமல் மணிகளை ஊடறுத்துக்கொண்டே உடையும், விளிம்பு கூராக வரும். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவி குவார்ட்சைட்டால் ஆனது. சுற்றிலும் சார்னோகைட் குன்றுகள் இருக்கும்போது அந்தக் கருவியைச் செய்த கற்கால மனிதர்கள் ஏன் வேறு கல்லைத் தேடினார்கள் என்பது இரண்டையும் உடைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். பருமணிச் சார்னோகைட் கரடுமுரடாகப் பெயரும், கூர்விளிம்பு வராது. மணியமைப்பை வைத்துக் கல்லைத் தேர்ந்தெடுத்த முதல் ஆட்கள் அவர்கள்தான் என்று நினைக்கும்போது இந்தப் பொழுதுபோக்கின் மேல் எனக்கு இன்னும் பிடிப்பு கூடுகிறது.

லென்ஸால் தீர்க்க முடியாதவையும் உண்டு. டோலரைட்டில் இருப்பது எந்தப் பைராக்சீன், சார்னோகைட்டில் இரண்டு வகை ஃபெல்ஸ்பாரும் என்ன விகிதம் என்பதெல்லாம் கைக்கல்லில் முடிவாகாது. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளியை ஒரே தளத்தில் அதிரவிட்டுக் காட்டும் முனைவாக்க நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தெரிந்த புவியியல் பேராசிரியர் ஒருவர் கல்லூரி விடுமுறை முடிந்ததும் இரண்டு துண்டுகளை அப்படிச் சீவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சார்னோகைட்டில் கார்னெட் உள்ள துண்டையும், டோலரைட்டில் மணி கொஞ்சம் பெரிதாக உள்ள துண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.