64 பிட் கணினியில் பழைய டாஸ் நிரல்: பட்ட பாடும் கண்ட வழியும்

எங்கள் மொத்த விற்பனைக் கடையின் இருப்புக் கணக்கும் பில்லும் கிளிப்பர் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்ட, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான ஒரு நிரலில்தான் இன்றும் நடக்கின்றன. பழைய கணினி படுத்துவிட்டதால் 64 பிட் விண்டோஸ் 11 உள்ள புதியதை வாங்கினோம். "கம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டால் எல்லாம் ஓடும் சார்" என்று விற்ற கடையில் உறுதியாகச் சொன்னார்கள். ஓடவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு மறுபடி அங்கே போனபோது, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்து, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால், இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது என்ற அதே செய்திதான்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது நடக்காது என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1985இல் வந்த 80386 பிராசசரில் 'வர்ச்சுவல் 8086' என்றொரு முறை இருந்தது. அதில் ஓடும் பழைய நிரல், 1 எம்பி நினைவகம் முழுவதும் தன்னுடையது என்றே நம்பி வேலை செய்யும்; அது வன்பொருளோடு பேசும் ஒரு போர்ட்டைத் தொட்டாலோ, ஒரு வேலையைச் செய்துதரக் கேட்கும் இன்டரப்டை அழைத்தாலோ கட்டுப்பாடு இயங்குதளத்தின் கைக்கு வரும்; 32 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம் என்ற பகுதி அந்த வேலையை முடித்துக் கொடுத்து நிரலைத் தொடரவிடும். 64 பிட் இயங்குதளங்கள் ஓடும் லாங் மோடில் இந்த வசதி பிராசசரிலேயே கிடையாது. 64 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம்மும் கிடையாது. கம்பாட்டிபிலிட்டி மோட், நிரலிடம் விண்டோஸின் பதிப்பை மாற்றிச் சொல்வது போன்ற சில்லறை வேலைகளை மட்டுமே செய்யும்.

அடுத்து முயன்றது டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள். அது பிராசசரையே மென்பொருளால் உருவாக்கிக் காட்டுவதால் நிரல் உடனே திறந்தது. ஆனால் அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. எங்களிடம் உள்ள மற்றொரு கணினியும் கணக்கு விவரங்கள் இருக்கும் அதே டிபிஎஃப் கோப்பைத் திறந்து எழுதுகிறது. ஒருவர் எழுதும் பதிவை மற்றவர் தொடாமல் பூட்டும் ரெக்கார்டு லாக் சரியாக வேலை செய்யாததால், பதிவுகளைத் தேட உதவும் என்டிஎக்ஸ் இன்டெக்ஸ் கெட்டு, விற்றுத் தீர்ந்த சரக்கு இருப்பில் நின்றது. ஒரே கோப்பைப் பலர் திறக்கும் இடத்தில் தயவுசெய்து நகலில் சோதித்துப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தது, கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் வர்ச்சுவல்பாக்ஸில் போட்ட 32 பிட் விண்டோஸ் 10. பிராசசரின் மெய்நிகராக்க வசதியால், உள்ளே இருக்கும் இயங்குதளம் லாங் மோடுக்குப் போகாமலே இயங்கலாம். எனவே அதற்கு வர்ச்சுவல் 8086 மறுபடி கிடைத்துவிடுகிறது. வர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் இந்த வசதி இல்லாமல் வேலையே நடக்காது என்பதால், முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கணினியில் அணைத்தே கொடுத்திருந்தார்கள்.

நிறுவல் சிக்கலில்லாமல் முடிந்தது. நிரலை முதல் முறை திறந்ததும் என்டிவிடிஎம்மைச் சேர்க்கவா என்று விண்டோஸ் கேட்டது, சேர்த்தோம். பிறகு 'டாஸ் எர்ரர் 4' வந்தது. ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை போதவில்லை என்பது அதன் பொருள். சிஸ்டம்32 கோப்புறையில் உள்ள கான்ஃபிக்.என்டி கோப்பில் ஃபைல்ஸ் மதிப்பைக் கூட்டி, ஆட்டோஎக்ஸெக்.என்டி கோப்பில் கிளிப்பர் திறக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கையான எஃப் மதிப்பையும் செட் கட்டளையால் கொடுத்தபின் அது ஒழிந்தது. இரண்டையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்துதான் சேமிக்க முடியும்.

அச்சுதான் உண்மையான மகிழ்ச்சி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வெளிக் கணினியில் பகிர்ந்து, உள்ளே 'நெட் யூஸ்' கட்டளையால் டாஸ் நிரல்கள் அச்சுக்கு அனுப்பும் எல்பிடி1 போர்ட்டை அதனோடு இணைத்தோம். எழுத்துகளைக் குறுக்கி நெருக்கமாக அடிக்கச் சொல்லி நிரல் அனுப்பும் குறியீடு அப்படியே போய்ச் சேர்ந்து, அகலமான பில்லின் கடைசிப் பத்தி வரை ஒரே வரியில் அடித்துத் தந்தது.

விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆகவே 32 பிட் நிறுவல் கோப்பு கையில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அந்த மெய்நிகர் கணினியைக் கடை நெட்வொர்க்கோடு நிறுத்தி, இணையத்துக்கு விடாதீர்கள்.