நாகையிலிருந்து நுவரெலியாவுக்கு: சமவெளி சைக்கிளை மலைக்குத் தயார் செய்தல்

ஆடிக் காற்றை எதிர்த்து வேதாரண்யம் சாலையில் மிதித்துப் பழகிய கால், இலங்கை மலையகத்திலும் ஏறிவிடும். வழியில் கைவிடுவது சைக்கிள்தான். அதிலும் டெல்டாவில் நாம் தொடவே தொடாத இரண்டு பாகங்கள்: முன்பக்கத்துச் சின்னப் பல்சக்கரம், பிரேக்.

இங்கே ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலமும் கொள்ளிடப் பாலமும்தானே? செயின் வருஷக்கணக்கில் பெரிய பல்சக்கரத்திலேயே ஓடுகிறது. கடற்காற்றின் உப்பும் வண்டல் தூசியும் சேர்ந்து முன் கியர் கேபிள் உறைக்குள்ளேயே இறுகிப்போகும். மலையில் முதல்முறை லீவரைத் தட்டும்போது செயின் இறங்காது. இல்லையென்றால் சின்னச் சக்கரத்தையும் தாண்டி உள்ளே விழுந்து ஃப்ரேமைக் கீறும். கேபிள், உறை இரண்டையும் புதிதாகப் போடுங்கள். செயினை முன்னால் சின்னதிலும் பின்னால் மிகப் பெரியதிலும் வைத்து, கியர் கூண்டின் (செயினைப் பக்கவாட்டில் தள்ளும் இரட்டைத் தகடு) உள்தகட்டுக்கும் செயினுக்கும் அரை மி.மீ. இடைவெளி வரும்வரை செயின் உள்ளே விழாமல் தடுக்கும் உள் எல்லைத் திருகைத் திருப்புங்கள்.

பல் எண்ணிக்கையை ஆசைக்குத் தேர்ந்தெடுக்காமல் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் 65 கிலோ, சைக்கிள் 13, சுமை 12, ஆக 90. நாள் முழுக்க 100 வாட் மிதிப்பவர் மணிக்குச் சுமார் 400 மீட்டர் உயரம் ஏறலாம். 8 சதவீதச் சரிவில் அது மணிக்கு 5 கி.மீ. வேகம். முன் 34, பின் 34 பல் என்றால் அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுற்றும். முழங்கால் இரண்டு நாள்கூடத் தாங்காது. முன்னால் 22 பல் போட்டால் அதே வேகத்தில் 60 சுற்று. மூன்று பல்சக்கரம் உள்ள பழைய மவுண்டன் பைக் கிராங்கே (பெடல் மாட்டும் தண்டும் முன் பல்சக்கரங்களும்) இதற்குப் போதும், விலையும் குறைவு. முழுச் சுமையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தால் எது தளர்கிறது, எது உரசுகிறது என்று தெரிந்துவிடும்.

கிளம்பச் சரியான காலம் மாசி. சம்பா அறுவடை முடிந்திருக்கும், மலையில் மழை குறைவு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். சைக்கிளை எப்படி ஏற்றுவார்கள் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். பெடலைக் கழற்றச் சொன்னால், இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலுக்கட்டாயமாகத் திருகினால் கிராங்க் போச்சு.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி சுமார் 320 கி.மீ. தம்புள்ளை வரை நம்மூர் மாதிரி சமதரைதான். உண்மையான ஏற்றம் கண்டியைத் தாண்டிக் கம்பளையில் தொடங்குகிறது. கம்பளை 500 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம், நுவரெலியா 1,868. புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் சாலையின் சராசரிச் சரிவைப் பார்த்து ஏமாறாதீர்கள். இடையிடையே இறக்கமும் உண்டு, இறம்பொடைக்கு மேல்தான் கடுமை. ஏற்றத்துக்கு மட்டும் மூன்றரை மணி நேரம், உருளும் எதிர்ப்புக்கும் சாப்பாட்டுக்கும் தனி. விடிந்ததும் புறப்பட்டால் பிற்பகல் மூடுபனிக்கு முன் சேரலாம். வழியெல்லாம் தேயிலைத் தோட்டத் தமிழ் மக்கள். தண்ணீர், ரொட்டி, பிளேன்டீ எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வெளிநாட்டு மலைப் பயணத்துக்கு இந்தப் பாதையை மனதாரச் சொல்வேன். இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். வியர்த்த பனியனோடு இறக்கத்தில் விட்டால் குளிரில் விரல் மரத்து, பிரேக் பிடிக்க வராது. உச்சியிலேயே மாற்றிவிடுங்கள், முழுக் கையுறை அவசியம்.

தனியாகப் போகிறவர் ஸ்போக் (சக்கரக் கம்பி) கொண்டுபோவதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. சுமையில் அறுவது பெரும்பாலும் பின்சக்கரத்தின் செயின் பக்க ஸ்போக். அது மறுபக்கத்து ஸ்போக்கைவிடச் சற்றுக் குட்டை, ஆகவே இரண்டு நீளத்திலும் எடுங்கள். கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுப்பை) கழற்றாமல் அதை மாட்ட முடியாது. கழற்றும் கருவியும் பையில் இருக்கட்டும்.

நுவரெலியாவைத் தாண்டிப் போனால் வரும் எல்ல என்ற மலையூரிலிருந்து வெல்லவாய வரை சுமார் 27 கி.மீ. தூரத்தில் 800 மீட்டருக்கு மேல் இறக்கம். 90 கிலோ அவ்வளவு இறங்கும்போது 700 கிலோஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிவருகிறது. காற்று தின்றதுபோக மீதியெல்லாம் பிரேக்கில் சூடாகிறது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றால் பேட் (பிரேக் கட்டை) பளபளத்துப் பிடிப்பு போகும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே முன், பின் பிரேக் இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதும் விட்டுவிடுங்கள். விடும் அந்த நேரத்தில்தான் ரிம் ஆறுகிறது. ராவணா அருவியில் நிறுத்திப் பேட்டைப் பாருங்கள்: டிஸ்க் பேட் 1 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால், ரிம் பேடில் தேய்மானக் கோடு மறைந்திருந்தால், அங்கேயே மாற்றிவிட்டு இறங்குங்கள்.