பொன் கூழ்

உயர்தர வகுப்பில் எங்கள் இரசாயனவியல் மாஸ்டர் கரும்பலகையில் ‘கூழ்’ என்று எழுதியதும் பின்வாங்கிலிருந்து ஒருவன், “சேர், நண்டு போட்டதோ?” என்று கேட்டான். வகுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாஸ்டர் எழுதியது குடிக்கும் கூழ் அல்ல, கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் கரையாமல் மிதந்து நிற்கும் திரவம். கேட்டவன் இப்போது கனடாவில் இருக்கிறான். இந்த மலர் அவன் கைக்கும் போகும் என்பதால் பெயரை விடுகிறேன்.

அது 1993. இலங்கையின் வடக்கில் பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை, ரோச் லைற்றுக்குப் பற்றறியும் இல்லை. கரைசலுக்கும் கூழுக்கும் வித்தியாசம் காட்ட ஓர் ஒளிக்கற்றை வேண்டும். மாஸ்டர் ஆய்வுகூட யன்னல்களைச் சாத்தச் சொன்னார். ஒரு யன்னற் பலகையில் ஆணி கழன்ற துளை இருந்தது. அதற்குள்ளால் வந்த வெயிலுக்கு நேரே இரண்டு முகவைகளைப் பிடித்தார். உப்புத் தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு துளி பால் விட்ட தண்ணீருக்குள் மட்டும் வெயில் ஒரு கோடாக நின்றது. “துணிக்கை இருக்கு. உங்கட கண்ணுக்குத் தெரியாது, வெயிலுக்குத் தெரியும்” என்றார். பொன்னிலும் இப்படிக் கூழ் செய்யலாம், அது சிவப்பாக இருக்கும் என்றும் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. அம்மாமாரின் தாலிக்கொடியைத் தவிர நாங்கள் வேறு எங்கே பொன்னைக் கண்டோம்?

இருபது வருடம் கழித்து லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தபோது, முதல் வாரமே கையில் தந்த வேலை அதுதான். பொன் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து, சோடியம் சித்திரேற்று விட வேண்டும். 1951இல் ஜோன் டர்கெவிச்சும் அவரோடு வேலை செய்தவர்களும் விவரித்த முறை. இன்றும் அதையே செய்கிறார்கள். வெளிர் மஞ்சள் முதலில் நிறமற்றுப் போகும். பிறகு மை கலந்ததுபோல் கறுக்கும். பழுதாகிவிட்டதென்று அடுப்பை நிற்பாட்டக் கை போகும். பொறுத்திருந்தால் மாதுளம் சாற்று நிறத்துக்கு வந்து நிற்கும்.

என் முதல் குடுவை நிற்கவில்லை, நீலமாகிப் போனது. குடுவையை ஒழுங்காகக் கழுவவில்லை. மேற்பார்வையாளர் ஏசுவார் என்று நின்றேன். அவரோ தன்னுடைய சிவப்புக் கூழில் கொஞ்சம் எடுத்து, அதற்குள் கறியுப்புக் கரைசலை விட்டார். கண் முன்னாலேயே நீலம்.

பொன் துணிக்கையில் ஒளி பட்டதும் அதன் இலத்திரன்கள் சேர்ந்து ஆடும். 520 நானோமீற்றர் அளவிலான பச்சை ஒளியை அந்த ஆட்டம் விழுங்கிவிட, மிச்சம் சிவப்பாகத் தெரிகிறது. சித்திரேற்று போர்த்த துணிக்கைகள் மறையேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளி நிற்கும். உப்பு அந்தத் தள்ளலை அடக்கிவிடும். துணிக்கைகள் கூடி ஒட்டும், ஆட்டம் மாறும், நிறமும் மாறும்.

இந்த நிறமாற்றத்தை முதலில் கவனித்து எழுதியவர் விஞ்ஞானி மைக்கல் பரடே. கொல்லர் ஒருவரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். பொசுபரசைக் கொண்டு பொன் கூழ் செய்து, உப்பு விட்டால் நீலமாவதையும் கண்டு, 1857 பெப்ரவரி 5ஆம் திகதி ரோயல் சொசைற்றியில் விரிவுரையாற்றினார். அவர் செய்த கூழ் அல்பமார்ல் வீதியிலுள்ள ரோயல் இன்ஸ்ரிரியூசனில் இன்னும் போத்தலில் இருக்கிறது. துணிக்கைகள் இருப்பதை அவர் காட்டியதும் வெயிலால்தான், வில்லையால் குவித்து. அதை வாசித்தபோது எனக்கு ஆணித் துளை ஞாபகம் வந்தது.

பரடே உப்பால் கண்டதை 1996இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் சாட் மேர்கினும் கூட்டாளிகளும் டீ.என்.ஏ.யால் செய்தார்கள். 13 நானோமீற்றர் பொன் துணிக்கைகளில் டீ.என்.ஏ. இழைகளைக் கட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் பொருந்தும் இழை வந்து சேர்ந்தால்தான் துணிக்கைகள் கூடும், நிறம் மாறும். பொருந்தாவிட்டால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். நோயைத் தேடுவதற்கு இதைவிட மலிவான கண் எது? அப்புறம் கொரோனா காலத்தில் மூக்கைக் குடைந்து பார்த்தோமே, அந்தப் பட்டியில் எழும்பிய சிவப்புக் கோடு. பலவற்றில் அது, கிருமியைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி ஒட்டிய பொன் துணிக்கைகள்தான். குப்பையில் எறிந்தோம், பொன் என்று தெரியாமல்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் மாஸ்டரைப் பிடித்து, சிவப்புக் குடுவையைக் கமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

“வெயிலில பிடியடா.”

இங்கே அன்று முழுக்க மழை. இன்னொருத்தரின் போனை வாங்கி லைற்றைப் போட்டேன். கோடு விழுந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ தேத்தண்ணி ஆறுது என்று கூப்பிட்டும் எழும்பவில்லை.