காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு

வாட்ஸ்அப்பில் பொடி, தொக்கு விற்பவர்கள் பலரும் முதல் ஆர்டருக்கே தள்ளுபடி என்று போடுகிறார்கள். தள்ளுபடிக்காக வந்தவர் அடுத்த தள்ளுபடி எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்விடுவார், அவ்வளவுதான்.

கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் செய்ததைப் பாருங்கள். 1983-ல் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கி சிக் ஷாம்பு விற்றவர், எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். ஆட்கள் பழகிய பிறகு, இனி சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றிவிட்டார். அப்புறம் கடையில் பெயர் சொல்லியே கேட்க ஆரம்பித்தார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது. குப்பைக்குப் போக வேண்டிய உறைதான் கூப்பன்! (கூப்பன் அச்சடிக்கத் தனிச் செலவும் கிடையாது.)

நேரடியாக விற்பவர்களுக்கு இப்படி வாங்கியவரைத் திரும்ப வரவைப்பது இன்னும் சுலபம், வாங்குபவரின் முகவரியே கையில் இருக்கிறது. பருப்புப் பொடி கேட்டவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சின்னப் பொட்டலம் எள்ளுப் பொடியும் சேர்த்து அனுப்புங்கள், விற்காமல் தேங்கியதைத் தள்ளிவிடாமல் அன்று அரைத்ததையே. டப்பாவில் அரைத்த தேதியும் உங்கள் எண்ணும் இருக்கட்டும், தீரும்போது கண்ணில் படும். ஆனால் கூரியரில் தொக்கு எண்ணெய் கசிந்து போனால் எந்த இலவசமும் எடுபடாது, முதலில் பாட்டிலுக்கு உள்மூடி போடுங்கள் சாமி.