"டக்" என்ற சத்தம்

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள் வேதியியலுக்குப் போய்விட்டன. போன வாரம் பிணைப்பு ஆற்றல், அதாவது அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதன் ஆற்றல் கணக்கு. பத்து வருஷம் பாடம் நடத்தியவன் நான், அந்த வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். படுக்கைக் கோட்டில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் இடைவெளி, செங்குத்துக் கோட்டில் நிலையாற்றல். இரண்டும் வெகுதூரத்தில் இருந்தால் பூஜ்யம். கிட்ட வர வர ஒன்றின் எலக்ட்ரானை மற்றதன் உட்கருவும் இழுக்கும். கோடு கீழே இறங்கும். 74 பிக்கோமீட்டரில் குழியின் அடி. அதற்கு மேலும் நெருக்கினால் உட்கருக்கள் ஒன்றையொன்று தள்ள, கோடு எகிறிவிடும்.

"அப்போ பிணைப்பை உடைச்சா ஆற்றல் வெளிய வரும், இல்லையா மாமா?"

வழக்கமான தப்பு வந்துவிட்டது. உயிரியல் வகுப்பில் ஏடிபி என்ற, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு பற்றிப் படிக்கும்போது "பிணைப்பில் ஆற்றல் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு வாக்கியம் மண்டைக்குள் குடியேறிவிடும். அப்புறம் லேசில் காலி செய்யாது. குழிக்குள் கிடப்பதை மேலே ஏற்ற நாம்தான் செலவழிக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணும் அளவு அது) 436 கிலோ ஜூல். ஹைட்ரஜன் எரிகிறதே என்றால், இரண்டு மோல் ஹைட்ரஜனையும் ஒரு மோல் ஆக்சிஜனையும் பிரிக்க ஏறக்குறைய 1370 செலவு, இரண்டு மோல் தண்ணீரில் நான்கு மோல் பிணைப்புகள் உருவாகும்போது ஏறக்குறைய 1850 வரவு. மிச்சம்தான் நெருப்பு.

கணக்கு அவளுக்கு ஏறவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த இரண்டு வட்டக் காந்தங்களை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். ஒன்றை மெதுவாகத் தள்ளினாள். ஒரு விரல் இடைவெளி வரும்வரை சும்மா இருந்தது, அப்புறம் கையை விட்டுப் பாய்ந்து "டக்".

"இந்தச் சத்தம் எங்கிருந்து வந்துச்சு?"

"ஒட்டினதால."

"இப்போ பிரி."

நகத்தைக் கொடுத்து நெம்பினாள், வலித்தது போலிருக்கிறது. "சரி சரி, பிரிக்கத்தான் நான் கொடுக்கணும்" என்றாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். காந்தங்களை இன்னும் நாலு தடவை ஒட்டிப் பிரித்துவிட்டுக் கேட்டாள்: "சத்தமே போடாம ஒட்ட முடியாதா மாமா?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. முடியாது என்பதுதான் பதில்: ஒட்டும்போது மிச்சமாகும் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். வெற்றிடத்தில் தனியாக இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சந்தித்தால் குழிக்குள் சறுக்கும். இழந்த நிலையாற்றல் அத்தனையும் வேகமாகும். அதே வேகத்தில், வரைபடத்தில் கோடு எகிறும் இடப்பக்கச் சுவரில் மோதித் திரும்பி, வந்த உயரத்துக்கே ஏறிப் பிரிந்து போய்விடும். ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட அந்தச் சந்திப்பு நீடிக்காது. ஒளியாகக் கக்கலாமே என்றால், ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்த ஜோடிக்கு அது சுத்தமாக வராத வேலை. அந்த நேரம் பார்த்து மூன்றாவதாக ஒன்று வந்து மோதி, உபரியை வாங்கிக்கொண்டு போக வேண்டும். விண்மீன்களுக்கு இடையே ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பெரும்பாலும் தூசித் துகள்களின் மேல் உருவாவது இதனால்தான். அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் செய்த அணு ஹைட்ரஜன் பற்றவைப்பும் (வெல்டிங்) இதே கதை: மின்வில்லில் மூலக்கூறு பிரியும், பிரிந்த அணுக்கள் உலோகப் பரப்பில் மறுபடி சேரும், சேரும்போது கொட்டும் வெப்பத்தில் உலோகம் உருகும். அங்கே "டக்" சத்தத்தை வாங்கிக்கொள்வது உலோகம்.

குழியின் அடியில் ஒரு பந்தை வரைந்து நிறுத்துவது என் வழக்கம். அதுவே கொஞ்சம் பொய். மூலக்கூறு அடியில் அசையாமல் உட்காராது, எவ்வளவு குளிரவைத்தாலும் சற்று மேலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். அவளுக்கு அந்தக் கவலை இல்லை. என் நோட்டை இழுத்து, பந்துக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஓர் அம்புக்குறி போட்டாள். அதன் நுனியில் மூன்றாவதாக ஒரு குட்டி வட்டம். அதற்குப் பெயர் எழுத இடம் போதாமல் "டக்" என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.