விற்காமல் ரீபேலன்ஸ் செய்வது: பி.எஃப்., என்.பி.எஸ். வைத்திருக்கும் சம்பளக்காரர்களுக்கு

மியூச்சுவல் ஃபண்ட் செயலி காட்டும் பங்கு-கடன் விகிதத்தைப் பார்த்து ரீபேலன்ஸ் (விலகிப்போன விகிதத்தைத் திரும்ப இலக்குக்குக் கொண்டுவருவது) செய்யாதீர்கள். உங்களுக்குப் பி.எஃப். இருப்பது அந்தச் செயலிக்குத் தெரியாது. ஓய்வுக்காலப் பணம் எங்கெங்கே கிடக்கிறதோ அத்தனையையும் ஒரே தாளில் எழுதிய பிறகுதான் கணக்கே தொடங்குகிறது.

முதலில் பி.எஃப். பாஸ்புக். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 12%, அதாவது 7,200. நிறுவனமும் 7,200 போடுகிறது. ஆனால் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு அதில் 1,250 அங்கே போய்விடும். கணக்கில் சேர்வது மாதம் 13,150 மட்டுமே. பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் தெரியும் தொகையைச் சேமிப்போடு கூட்டக் கூடாது. அது வட்டி சேரும் பணம் அல்ல.

வேலை மாறியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். யூ.ஏ.என். எனும் நிரந்தர பி.எஃப். எண் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி உறுப்பினர் எண். பழைய கணக்கிலிருந்து பணம் தானாக வந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் தடையாக இருப்பது, பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விடுவதுதான். கடைசிச் சந்தா சேர்ந்து இரண்டு மாதம் கழித்து அதை நீங்களே இணையதளத்தில் பதியலாம். மாற்றாமல் எடுத்துச் செலவழித்தால், மொத்தப் பணிக்காலம் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருக்கும்போது வரியும் வரும்.

இப்போது ஒரு கணக்கு. பி.எஃப். 20 லட்சம், பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) 8 லட்சம், என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 8 லட்சம் (அதில் 75% பங்குச் சந்தையில்), பங்குசார் ஃபண்டுகள் 44 லட்சம். மொத்தம் 80 லட்சம். பங்குச் சந்தையில் இருப்பது 50 லட்சம், அதாவது 62.5%. இலக்கு 55% என்றால் 6 லட்சம் அதிகம். ஐந்து சதவீதப் புள்ளிக்கு மேல் விலகியிருப்பதால் கைவைக்க வேண்டியதுதான். அதற்குக் குறைவான விலகலுக்கு அவசரப்படுவதில் பலன் இல்லை.

பலரும் நேராக 6 லட்சத்துக்கு யூனிட்டுகளை விற்பார்கள். அதில் பாதி லாபம், எல்லாம் ஓராண்டுக்கு மேற்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சத்தில் 1.25 லட்சம் விலக்குப் போக 1.75 லட்சத்துக்கு 12.5%, அதன் மேல் 4% செஸ்: 22,750 ரூபாய் வரி. இதைக் கட்டத் தேவையே இல்லை.

என்.பி.எஸ். கணக்குக்குள் பங்கிலிருந்து அரசுப் பத்திரத்துக்கு மாற்றினால் வரி கிடையாது. ஆக்டிவ் சாய்ஸில் (விகிதத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் முறையில்) இருப்பவர் நிதியாண்டுக்கு நான்கு முறை விகிதத்தை மாற்றலாம். 75 சதவீதத்தை 25 ஆக்கினால் 4 லட்சம் அப்படியே நகர்கிறது. மொத்தத்தில் பங்கு 57.5% ஆகிறது. இனிமேல் போடும் சந்தாவும் அதே 25 விகிதத்தில்தான் பிரியும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆட்டோ சாய்ஸில் (வயதுக்கேற்ப விகிதம் மாறும் முறையில்) இருந்தால், பெரும்பாலும் 35 வயதுக்குப் பிறகு, பங்கு விகிதம் தானாகக் குறைந்துகொண்டே வரும். பழைய 75 சதவீதத்தையே எழுதினால் கணக்கு தப்பு.

மிச்சத்தைப் புதுப் பணம் பார்த்துக்கொள்ளும். எஸ்.ஐ.பி.யை (ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணையை) தற்காலிகமாக நிறுத்தி, பி.எஃப்.பில் கூடுதலாக, அதாவது வி.பி.எஃப். ஆகப் போடுங்கள். உங்கள் சந்தா ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகையின் வட்டிக்கு வரி உண்டு. 7,200 வீதம் ஏற்கெனவே 86,400 போவதால் மாதம் 13,600 வரை இடம் இருக்கிறது. பி.பி.எஃப்.பில் மாதம் 12,500. வழக்கமான பி.எஃப். 13,150-ஐயும் கூட்டினால் மூன்றும் சேர்ந்து 39,250. சந்தை இருந்த இடத்திலேயே நின்றால் ஒன்பது மாதத்தில் 55% வந்துவிடும். பல நிறுவனங்கள் வி.பி.எஃப். மாற்றத்தை நிதியாண்டுத் தொடக்கத்தில் மட்டுமே ஏற்கின்றன. மார்ச் மாதமே கேட்டுவையுங்கள். பி.பி.எஃப். பணம் 5-ஆம் தேதிக்குள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். 1.5 லட்சத்தை மொத்தமாக ஏப்ரல் 6 அன்று போட்டால் 7.1% வட்டியில் ஒரு மாதத்துக்கான 887 ரூபாய் போயிற்று.

விற்றே ஆக வேண்டும் என்றால் மார்ச் 31-க்குள் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரித்தால் 1.25 லட்ச விலக்கு இரண்டு முறை கிடைக்கும். முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கப்படும். ஸ்விட்ச் என்பதும் விற்பனையே. ஒரே ஃபண்டில் ரெகுலரிலிருந்து (முகவர் வழி) டைரக்டுக்கு (நேரடி) மாறுவதற்கும் இதே வரிதான். எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டு தனித்தனியாக எண்ணப்படும்.

எதிர்த்திசையில், அதாவது பங்கு விகிதம் குறைந்து வாங்க வேண்டியிருக்கும்போது, சிக்கல் பெரிது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13% சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் பங்கு வாங்க, பி.எஃப்., பி.பி.எஃப். பணத்தை நினைத்தபடி எடுக்க முடியாது. தாளில் கடன் சொத்து (பி.எஃப்., பி.பி.எஃப்., பத்திரம் போன்ற வட்டி தரும் பகுதி) 45% இருந்தாலும் கையில் நகர்த்தக்கூடியது சொற்பமே. ஆகவே கடன் பகுதி முழுவதையும் பூட்டிய கணக்குகளில் வைப்பது தவறு என்பதே என் கருத்து. மொத்தத்தில் 5 முதல் 10% வரை லிக்விட் ஃபண்டிலோ (எளிதில் எடுக்கக்கூடிய குறுகிய காலக் கடன் ஃபண்டு) என்.பி.எஸ்ஸின் பத்திரப் பகுதியிலோ இருக்கட்டும். 2023 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கிய கடன் ஃபண்டு லாபத்துக்கு உங்கள் வருமான வரி விகிதப்படியே வரி என்பதால், இதற்கு என்.பி.எஸ்ஸையே முதலில் பயன்படுத்தலாம்.