ஹஜ்ஜாஜ் பற்றி ஒரு பதிவு

கலைக்களஞ்சியப் பதிப்பொன்றில் இஸ்லாமிய வரலாற்றுப் பதிவுகளைச் செப்பனிடும் பொறுப்பு என்னிடம் இருந்த காலத்தில், வேறெந்தப் பதிவையும்விட அதிகமாக எங்களை வாதிட வைத்தது ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் பற்றிய பதிவுதான். தாயிஃபில் பிறந்தவர், 692இல் மக்காவை முற்றுகையிட்டு அப்துல்லாஹ் இப்னு ஸுபைரை வீழ்த்தியவர், 694 முதல் 714இல் இறக்கும்வரை அப்துல் மலிக், வலீத் என்னும் இரு உமய்யாக் கலீஃபாக்களுக்காக ஈராக்கை ஆண்டவர். இவ்வளவில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முதல் வரியில் அவரைக் கொடுங்கோலர் என்பதா, திறன்மிக்க நிர்வாகி என்பதா என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

பதிவை மேலாய்வு செய்த ஹஜ்ரத், அரபுக் கல்லூரியில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்தவர். ஹஜ்ஜாஜின் ஸகீஃப் குலத்தில் ஒரு பொய்யனும் ஓர் அழிவுக்காரனும் தோன்றுவார்கள் என்ற நபிமொழியை, மகன் இப்னு ஸுபைரைப் பறிகொடுத்த அஸ்மா ஹஜ்ஜாஜின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் இருப்பதால், ஹஜ்ரத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. வரைவை எழுதிய இளம் ஆய்வாளரோ, உமய்யாக்களைப் பற்றி தபரீயின் வரலாறு உட்பட, நம் கைக்கு வந்திருக்கும் நூல்களில் பெரும்பாலானவை அவர்களைக் கவிழ்த்த அப்பாஸியரின் ஆட்சியில் எழுதப்பட்டவை என்பதிலேயே நின்றார்.

“ஹஜ்ரத், தபரீ மௌத்தானது 923இல். இடையில் இருநூறு வருஷம் போய்விட்டதே” என்பார் அவர்.

“தம்பி, தபரீ தம் சொந்த வாயால் எதைச் சொன்னார்? யார் சொல்லி யார் கேட்டார் என்று ஸனது கொடுத்திருக்கிறாரே, அதையல்லவா பார்க்க வேண்டும்?” என்பார் ஹஜ்ரத்.

பார்த்தோம். ஹஜ்ஜாஜுக்கு எதிராக இப்னுல் அஷ்அஸ் நடத்திய பெருங்கலகத்தைப் பற்றித் தபரீ தருவதில் பெரும்பகுதி, 774இல் இறந்த அபூ மிக்னஃப் என்ற செய்தி அறிவிப்பாளரிடம் போய் நிற்கிறது. இருநூறு ஆண்டு இடைவெளி அறுபதாகச் சுருங்கியதில் ஹஜ்ரத்துக்கு மகிழ்ச்சி; ஆனால் அபூ மிக்னஃப், ஹஜ்ஜாஜிடம் தோற்று அடங்கிய கூஃபா நகரத்துக்காரர் என்பதை ஆய்வாளர் உடனே சுட்டிக்காட்டினார். ஸனது காலத்தை நெருக்கிக் காட்டும்போதே, சொன்னவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வரைவில் எனக்கு உறுத்தியது வேறொன்று. கொலைகளைப் பற்றிய செய்திகளை அப்பாஸியர் காலப் பகைமை என்று ஒதுக்கிய அதே வரைவு, ‘கனிந்து அறுவடைக்கு நிற்கும் தலைகளைக் காண்கிறேன்’ என்று கூஃபா பள்ளிவாசல் மிம்பரில் (பிரசங்க மேடையில்) ஹஜ்ஜாஜ் முழங்கியதாகச் சொல்லப்படும் உரையை, அவருடைய நாவன்மைக்கும் உறுதிக்கும் சான்றாக முழுமையாக எடுத்தாண்டிருந்தது. அந்த உரை வானத்திலிருந்து விழவில்லை; ஒதுக்கப்பட்ட செய்திகளைத் தந்த அதே இலக்கிய மரபுதான் அதையும் நமக்குத் தந்தது. (அவ்வளவு செதுக்கிய அரபு நடையில் ஓர் உரை வாய்ப்பேச்சாகவே எழுதப்படாமல் தலைமுறை தாண்டி வந்திருக்குமானால், செவிவழிச் செய்திகள் மீது நாம் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருக்க வேண்டும்.) பழியை நம்பாதவர் புகழை மட்டும் நம்புவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று ஓரக்குறிப்பு எழுதினேன்.

எண்களிலும் இதே தொல்லைதான். போர்க்களத்துக்கு வெளியே அவர் கொல்லச் செய்தவர்கள் 1,20,000 பேர் என்ற கணக்கு, பஸராவின் ஹிஷாம் இப்னு ஹஸ்ஸான் பெயரில் திர்மிதீயின் நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது; வரலாற்றாசிரியர் மஸ்ஊதியும் அதையே சொல்கிறார். எண்ணியவர் யார், எந்தப் பட்டியலைக் கொண்டு எண்ணினார் என்பதற்கு விடை இல்லாததால், அந்த எண்ணைச் சொன்னவர்களின் பெயரோடு சேர்த்தே அச்சிட்டோம். அவர் காலத்திலேயே வெளியான சான்று என்றால் நாணயங்கள்தான்: அவர் பெயர் பொறித்த வெள்ளி திர்ஹம்களும், அவர் கட்டிய வாஸித் நகரத்து அக்கசாலையின் திர்ஹம்களும் இன்றும் இருக்கின்றன. ஆட்சியின் வீச்சை அவை சொல்லும். சிறைக்குள் நடந்ததைச் சொல்லா.

வரலாற்றாசிரியர் பலாதுரீயின் ஒரு செய்தியில் ஈழத்துக்கும் இடம் உண்டு. மாணிக்கத் தீவின் அரசர், அங்கே இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் பெண்மக்களைக் கப்பலேற்றி ஹஜ்ஜாஜிடம் அனுப்பினார் என்றும், சிந்துவின் தேபல் துறைமுகக் கரையோரக் கொள்ளையர் அதைப் பிடித்தபோது ஒருத்தி ‘ஹஜ்ஜாஜே!’ என்று கதறினாள் என்றும், அதுவே சிந்துப் படையெடுப்புக்கு வழிவகுத்தது என்றும் அவர் எழுதுகிறார். அந்தத் தீவு இலங்கைதான் என்பது அறிஞர் பலரின் முடிவு. பலாதுரீயும் அப்பாஸியர் காலத்தவர்தான், இறந்தது 892இல். ஆய்வாளர் இச்செய்தியை மட்டும் எந்தக் கேள்வியும் இன்றி ஏற்றிருந்தது ஹஜ்ரத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை, நெடுநேரம் சிரித்தார்.

ஏழாம் நூற்றாண்டு மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது என்ற வாதமும் எழுந்தது. பொதுவில் நான் ஏற்கும் வாதம்தான் அது. ஆனால் ஹஜ்ஜாஜ் விஷயத்தில் செல்லாது. மார்க்க அறிஞர்களான இருவரில் ஹசன் பஸரீ அவருக்கு அஞ்சித் தலைமறைவாக இருந்ததாகவும், ஸயீத் இப்னு ஜுபைர் அவர் கட்டளையால் கொல்லப்பட்டதாகவும் வரும் செய்திகளை எப்படிச் சலித்தாலும், அவரைக் கண்டித்தவர்கள் அவர் காலத்தவரே என்பது மிஞ்சும். அவர் செய்தது அநீதி என்று சொல்ல அவர்களுக்கு நம் அளவுகோல் தேவைப்படவில்லை. அரசு ஏடுகள் பாரசீகத்திலிருந்து அரபுக்கு மாறியதை வைத்து அவரை நவீன அரசின் முன்னோடியாக்குவதுதான் இக்காலத்து அளவுகோல் என்றேன். ஆய்வாளர் அந்த வாக்கியத்தைத் தாமே அடித்தார்.

இறுதி வரியாக, 1348இல் இறந்த வரலாற்றாசிரியர் தஹபீ சொன்னதைப் போட வேண்டும் என்று ஹஜ்ரத் விரும்பினார்: பாவக்கடலில் மூழ்கிய நன்மைகளும் ஹஜ்ஜாஜுக்கு உண்டு, அவர் காரியம் அல்லாஹ்விடம். அழகான வரிதான். கடைசியில் வைத்தால் அது பதிப்பின் தீர்ப்பாகிவிடும் என்பதால், பழைய தீர்ப்புகளின் வரிசையில் அதற்குரிய இடத்தில் வைத்து, 1902இல் ஹஜ்ஜாஜுக்கு ஆதரவாக எழுதிய ஜெர்மன் அறிஞர் வெல்ஹவுசனை அதன் பின்னே சேர்த்தோம். முதல் வரியில் அடைமொழி எதுவும் இல்லாமல், ‘ஈராக்கின் உமய்யா ஆளுநர்’ என்று மட்டும் அச்சேறியது.